கவிழ்த்த பானைக்குக் கீழே ஒரு கட்டம்

என் நாத்தனாருக்குக் கண் சரியில்லை என்று தீர்ப்புச் சொன்னது கண் மருத்துவர் இல்லை, என் நாத்தனாரேதான். மருத்துவர் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார், விளக்கடித்துப் பார்த்தார், வண்ணப் புள்ளிகள் இறைந்து கிடந்த அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். கடைசியில், "உங்களுக்குக் கழுகுக் கண்ணும்மா. எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் சொன்னாள்: "அப்போ கோளாறு கண்ணுல இல்ல அண்ணி. மண்டையிலதான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மண்டையில் ஒரு குட்டு வைத்திருப்பேன். வைக்கவில்லை. நான் குட்டினால் என் மாமியார் கண்ணைக் கசக்குவார். அவர் கண்ணைக் கசக்கினால் அன்றைய சமையல் முழுக்க என் தலையில் விழும்.

நாத்தனார் எம்பிராய்டரிக்குக் கட்டப்படம் வரைபவள். துணியில் குட்டிக் குட்டிப் பெருக்கல் குறிகளாகத் தைப்பார்களே, அதற்கு முதலில் கட்டம் போட்ட படம் வேண்டும். ஒரு கட்டம், ஒரு தையல். எந்தக் கட்டத்துக்கு எந்த நிற நூல் என்று படம் சொல்லும். தைப்பவர் அப்படியே தைப்பார். அவள் இதைக் கணினியில் வரைகிறாள், கட்டத்துக்கு ஒரு புள்ளி வீதம். நாள் முழுக்க அதிலேயே கிடப்பதால் வீட்டில் அவள் பெயரே கட்டம். "கட்டத்துக்குக் கட்டம் சரியில்ல" என்று அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், அடிக்கடி சொல்லித் தானே சிரித்துக்கொள்வார். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஏறுவதும் இறங்குவதும் ஒழுங்காக நடந்தால் அவருக்கு உலகத்தில் வேறு குறை இல்லை.

தைப்பவர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு கட்டப்படத்தைத் தேர்ந்தெடுத்து உறுப்பினர்கள் எல்லாருக்கும் அனுப்புவார்கள். அந்த வருடம் அத்தனை பேரும் அந்த ஒரே படத்தைத்தான் தைப்பார்கள். கட்டம் அதற்கு இரண்டு முறை படம் அனுப்பினாள். இரண்டும் தேறவில்லை. இரண்டாம் முறை நடுவர்கள் காரணத்தையும் எழுதியிருந்தார்கள். சாம்பல் நிறங்கள் ஒன்றோடொன்று கலங்கியிருக்கின்றன, வரைபவர் நிறங்களைப் பிரித்துப் பார்க்கக் கண்ணைப் பழக்க வேண்டும்.

அந்த ஒரு வரி அவளை அரித்துத் தின்றுவிட்டது. அதுவரை கடைக்காரரே குழம்பும் இரண்டு நூல்கண்டுகளைத் தூரத்தில் நின்று பிரித்துச் சொன்னவள், அதற்குப் பிறகு எதை எடுத்தாலும் யாரையாவது கேட்க ஆரம்பித்தாள். "அம்மா, இது சாம்பலா நீலமா?" "அண்ணா, இந்த ரெண்டு சாக்ஸும் ஜோடியா?" "அண்ணி, இந்தச் சுவரு முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சா?" என் வீட்டுக்காரருக்குச் சிவப்பு, பச்சை தவிர மற்ற எல்லா நிறமும் ஒன்றுதான். அவரிடம்போய் இவள் நிறம் கேட்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும்.

இருந்தாலும் மூன்றாவது படம் ஒன்று வரைந்தாள். கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள்.

"போயும் போயும் பாத்திரமா? சுவத்துல மாட்டுனா, வர்றவங்க நம்மளக் கழுவச் சொல்றாங்கன்னு ஓடிப்போயிடுவாங்க" என்றார் மாமியார்.

"கழுவுன பாத்திரம்மா அது."

எவர்சில்வர் பாத்திரத்தை வரைந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். அதற்கென்று சொந்தமாக ஒரு நிறம் கிடையாது. பக்கத்துத் தட்டின் நிறம், ஜன்னலின் நிறம், போகிறவர் சட்டையின் நிறம் எல்லாம் அதில் சாம்பலாக ஒட்டிக்கொள்ளும். கட்டம் அத்தனை சாம்பலையும் பிரித்திருந்தாள். பெரிய பானை ஒன்று கொஞ்சம் சாய்ந்து கவிழ்ந்திருக்கும். அதன் வாய் விளிம்புக்குக் கீழே மை போல நிழல். கரண்டிகளின் முதுகில் ஜன்னல் வளைந்து தெரியும். ஆனால் ஒவ்வொரு நிறத்துக்கும் என்னைக் கூப்பிட்டு, "சரியா இருக்கா அண்ணி?" என்று கேட்டுக் கேட்டுத்தான் வைத்தாள். கடைசிக் கட்டம் முடிந்ததும், "இந்தத் தடவையும் கலங்கலா இருக்குன்னு சொன்னா விட்டுடுவேன். நம்ப முடியாத கண்ணை வச்சுக்கிட்டு எதுக்கு வரையணும்?" என்றாள். அதை அழாமல் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தேன். தோளில் பை இன்னும் இறங்கவில்லை. கட்டம் கணினி முன்னால் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். படத்தைச் சங்கத்தின் தளத்தில் ஏற்றிவிட்டாளாம். அங்கே அது எப்படித் தெரிகிறது என்று பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள்.

"நடுவர்கள் சொன்னது நெஜந்தான் அண்ணி. பாருங்க, எவ்ளோ கலங்கலா வரைஞ்சிருக்கேன்."

பார்த்தேன். கரண்டியின் விளிம்பைச் சுற்றிக் கொசு மொய்ப்பதுபோல் தூசி. ஒரு சாம்பலுக்கும் அடுத்த சாம்பலுக்கும் இடையில் இரண்டிலும் சேராத அழுக்கு நிறம். இந்தக் கலங்கலை எனக்கு நன்றாகத் தெரியும். இது எந்த மனுஷக் கண்ணும் செய்வது இல்லை.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், தற்பெருமை என்று நினைத்தாலும் பரவாயில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் இயந்திரங்கள் எடுக்கிற படங்கள் மருத்துவர்களின் மேசைக்குப் போகும் வழியில் உட்கார்ந்திருப்பவள் நான். வந்த படம் வந்தபடியே போய்ச் சேர வேண்டும். வழியில் ஒரு சாம்பல் கரைந்தால் எலும்பில் இருக்கிற கீறலும் சேர்ந்து கரைந்துவிடும். என் கையைத் தாண்டி ஒரு படம்கூடக் கரைந்து போனதில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே கிடையாது.

"எந்திரி" என்றேன்.

அவள் வரைந்த மூலக் கோப்பை எடுத்தேன். தளத்தில் தெரிவதையும் இறக்கிக்கொண்டேன். பிறகு கறுப்பு ஜன்னலைத் திறந்தேன். படமோ பொத்தானோ எதுவும் இல்லாமல் கட்டளையைத் தட்டச்சுச் செய்தால் வேலை நடக்கும் ஜன்னல் அது. ஆஸ்பத்திரியில் பாதி நாள் அதில்தான் போகும்.

"ஐயோ, கம்ப்யூட்டர் செத்துப்போச்சா?" என்றாள் கட்டம்.

"வாயை மூடிட்டுப் பாரு."

இரண்டு படங்களையும் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டு, எத்தனை இடத்தில் வித்தியாசம் என்று எண்ணிச் சொல்லும் கட்டளை ஒன்று இருக்கிறது. அடித்தேன். எண் வந்து விழுந்தது. முக்கால்வாசிக் கட்டங்கள் மாறியிருந்தன. அவள் கொடுத்தது ஒன்று, அவர்கள் காட்டுவது வேறொன்று.

விஷயம் இதுதான். கோப்பைச் சின்னதாக்கி இடத்தை மிச்சம் பிடிக்க, யார் எந்தப் படத்தை ஏற்றினாலும் அந்தத் தளம் தானாகவே அதை ஜேபெக் ஆக்கிவிடுகிறது. பார்வைக்கு ஏறக்குறைய இருந்தால் போதும் என்று பக்கத்துப் பக்கத்து நிறங்களைக் கரைத்துக் கட்டுகிற முறை அது. குடும்பப் போட்டோவுக்கு அது போதும். ஒரு கட்டத்துக்கு ஒரு நூல் என்று இருக்கிற படத்துக்கு, அரிசியோடு உப்பைக் கொட்டிக் கலக்கின மாதிரிதான்.

"அப்போ போன ரெண்டு தடவையும்…" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"போன ரெண்டு தடவையும் உன் கண்ணு சரியாத்தான் இருந்துச்சு. அவங்க உன் படத்தைப் பார்க்கவே இல்ல."

துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் இன்னும் சுண்டிப்போனது. "என்னைத் தேத்துறதுக்காகச் சொல்றீங்க. கறுப்பு ஸ்கிரீன்ல ஏதோ நம்பர் வந்தா என் கண்ணு சரின்னு ஆயிடுமா? தெளிவாப் போய்ச் சேர்ந்தும் வேண்டாம்னு சொல்லிட்டா? அப்புறம் சாக்குச் சொல்லக்கூட ஒண்ணும் இருக்காது அண்ணி."

"சாக்கு எதுக்குடி? மொதல்ல உன் படம் போகட்டும்."

சங்கத்துக்குச் சூடாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். எல்லோருடைய படங்களையும் ஒரே விதமாகத்தான் வாங்குகிறோம், தனியாக எதுவும் செய்வதற்கில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. மரியாதையாக வருகிற பதிலைப் போல எனக்கு எரிச்சலூட்டுவது வேறில்லை. கதவைத் திறக்க மாட்டார்களா? சரி, ஜன்னல் எங்கே இருக்கிறது என்று நானே பார்த்துக்கொள்கிறேன்.

நடுவர்கள் பார்க்கத் தொடங்கும்வரை படத்தை மாற்றி ஏற்றலாம். அதனால் தினமும் வேலை முடிந்து வந்து விதவிதமாக ஏற்றிப் பார்த்தேன். ஏற்று, இறக்கு, ஒப்பிடு. அதே பக்கத்தில் சங்கமே ஏற்றிவைத்திருந்த முத்திரையும் இருந்தது; அதன் பின்னணி ஒளி ஊடுருவுவது, கண்ணாடி மாதிரி. அது மட்டும் தெளிவாக, விளிம்பில் தூசி இல்லாமல் இருந்தது. அதைப் பார்த்ததும் பிடி கிடைத்துவிட்டது. ஜேபெக்கால் ஒளி ஊடுருவும் இடத்தை வைத்துக்கொள்ளவே முடியாது. அதனால், படத்தில் அப்படி ஓர் இடம் இருந்தால் தளம் பயந்துபோய்க் கை வைக்காமல் விட்டுவிடுகிறது.

ஆக, கட்டத்தின் படத்தில் எங்காவது கொஞ்சம் ஒளி ஊடுருவ வைத்தால் போதும். முதலில் படத்தைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி ஓர் ஓரம் சேர்த்தேன். அளவு மீறியது என்று தளம் துப்பிவிட்டது. அப்படியானால் வெளியே முடியாது, உள்ளேதான். அவள் வரைந்த கட்டங்களில் ஒன்றில்தான்.

அதைச் சொன்னதும் கட்டம் எழுந்து நின்றுவிட்டாள். "என் கட்டத்துல கை வைக்கிறீங்களா? அவங்க முக்கால்வாசியக் கெடுத்தாங்க, நீங்க மிச்சத்தையும் கெடுங்க!"

"ஒரே ஒரு கட்டம்டி."

"ஒரு சொட்டு விஷம்னா குடிப்பீங்களா?"

"யாரு விஷம் வைக்கிறா? என்ன சத்தம்?" என்று சமையலறையிலிருந்து மாமியார் கத்தினார். என் வீட்டுக்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு, யாரும் கூப்பிடாமலே பக்கத்துத் தெருவில் லிஃப்ட் பார்க்கப் போய்விட்டார்.

அவளை உட்காரவைத்து விளக்கினேன். ஒரு புள்ளி எவ்வளவு கெட்டியானது என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. முழுக்கக் கெட்டி என்றால் இருநூற்று ஐம்பத்தைந்து. முழுக்கக் கண்ணாடி என்றால் பூஜ்யம். நான் அதில் ஒரே ஒரு படிதான் இறக்கப்போகிறேன், இருநூற்று ஐம்பத்து நாலு. கழுகே வந்தாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

"எந்தக் கட்டம்னு நாந்தான் சொல்லுவேன்" என்றாள் கடைசியில்.

படத்தை முழுக்கப் பெரிதாக்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நகர்த்திக்கொண்டே போனாள். கரண்டிமேல் நின்றாள், வேண்டாம் என்றாள். மூடியின் ஓரத்தில் நின்றாள், வேண்டவே வேண்டாம் என்றாள். வீட்டுக்கு இடம் பார்ப்பவர்கள்கூட இப்படி யோசிக்க மாட்டார்கள். எனக்கு ஊற்றிவைத்த டீ ஆறி ஆடை கட்டியது. கடைசியில் பெரிய பானைக்குக் கீழே, மை போன்ற அந்த நிழலின் நடுவில் விரலை வைத்தாள்.

"இங்க. ஒரே இருட்டு. என்ன செஞ்சாலும் யாருக்கும் தெரியாது. சரியா இருக்கும்ல அண்ணி?"

"பிரமாதம்" என்றேன். கட்டளையில் அந்தக் கட்டத்தின் இடத்தையும், இறக்க வேண்டிய அந்த ஒரு படியையும் எழுதி அடித்தேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. படத்தை ஏற்றினேன். திரும்ப இறக்கினேன். நான் ஏற்றினதையும் அவர்கள் காட்டுவதையும் ஒப்பிட்டேன்.

பூஜ்யம்.

ஒரு கட்டம்கூட மாறவில்லை. நான் நாற்காலியிலிருந்து எழுந்து இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு என் தலை கூரையை இடிக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் கூரை உயரம் என்பதுதான். மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சைபர் வாங்கினதுக்கா இவ்ளோ ஆட்டம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். வீட்டுக்காரர் திரும்பி வந்ததும் அவருக்கும் விளக்கினேன். சாப்பிடும்போது இன்னொரு முறை விளக்கினேன்.

முடிவு வருவதற்குள் கட்டம் பாதியாக இளைத்துவிட்டாள். வந்தபோது, அவள் படம் தேர்வாகியிருந்தது. சாம்பல் நிறங்களில் இத்தனை தெளிவை நாங்கள் பார்த்ததில்லை என்று நடுவர்கள் எழுதியிருந்தார்கள். மாமியார் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "எங்க வீட்டுப் பாத்திரம்னா சும்மாவா? தேய்க்கிறது யாரு?" என்றார். வீட்டுக்காரர் தான் வேலை பார்க்கிற கட்டடங்களில் லிஃப்டில் ஏறினவர்களிடமெல்லாம் சொன்னார். கதவு திறக்கும்வரை அவர்கள் கேட்டுத்தானே ஆக வேண்டும். கட்டம் மட்டும், "உங்களாலதான் அண்ணி. நீங்க பார்த்துச் சொன்னீங்க, அதனாலதான் நிறமெல்லாம் சரியா வந்துச்சு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நான் ஒரு நிறத்தையும் பார்த்துச் சொன்னதில்லை. அவள் கேட்டபோதெல்லாம் வேலையிலிருந்து வந்த களைப்பில், "சரியா இருக்கு, சரியா இருக்கு" என்று தலையாட்டினேன், அவ்வளவுதான். அதைச் சொன்னேன். அவள் நம்பவில்லை.

சில வாரங்கள் கழித்து இன்னொரு மின்னஞ்சல் வந்தது. எல்லாருக்கும் அனுப்புவதற்கு முன் சங்கத்தில் ஒருவர் தைத்துப் பார்ப்பாராம். தைத்து முடித்த துணியின் புகைப்படம் கூடவே இருந்தது. எல்லோரும் கணினியைச் சுற்றி நின்றோம். பாத்திரங்கள் பளபளவென்று கவிழ்ந்திருந்தன. தண்ணீரின் குளிர்ச்சிகூடத் தெரிந்தது. ஆனால் பெரிய பானைக்குக் கீழே, அந்த மை இருட்டின் நடுவில், வெள்ளையாக ஒரு புள்ளி.

தைத்தவர் கேட்டிருந்தார். படத்தைப் படித்து எங்கள் இயந்திரம் கொடுத்த நூல் பட்டியலில் இந்தக் கட்டத்துக்கு நூலே இல்லை. வெறும் துணியாக விடச் சொல்கிறது. இது தவறா, வேண்டுமென்றே விட்டதா? தவறென்றால் கறுப்பு நூல் என்று எல்லாருக்கும் குறிப்புப் போட்டுவிடுகிறோம்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு படி இறக்கினாலும் ஓர் அங்குலம் இறக்கினாலும் அவர்களுடைய இயந்திரத்துக்கு ஒன்றுதான். கொஞ்சமாவது ஒளி ஊடுருவினால் அது தையல் இல்லாத இடம். நான் தளத்தைச் சோதித்தேனே தவிர, அதற்கப்புறம் படம் எங்கே போகும் என்று யோசிக்கவே இல்லை. திரையில் எதையும் மறைத்துவிடுகிற கறுப்பு, வெள்ளைத் துணியில் அதையே கூப்பிட்டுக் காட்டுகிறது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து, தேடித் தேடி, படத்திலேயே மோசமான இடத்தைப் பிடித்திருக்கிறோம்.

"அடைக்கச் சொல்லிடு" என்றேன். "கறுப்பு நூல்தான், தப்பு எங்க அண்ணியோடதுன்னு எழுது. எம் பேரைப் போட்டே எழுது."

"ஆமா, அடைச்சிடு. ஏதோ ஓட்டை மாதிரி இருக்கு" என்றார் வீட்டுக்காரர்.

"பூச்சி அரிச்ச மாதிரி இருக்கு" என்றார் மாமியார்.

கட்டம் வாசற்படிவரை பின்னால் போய் நின்று பார்த்தாள். கிட்டே வந்து பார்த்தாள். மறுபடி தள்ளிப் போனாள். அவள் முகத்தில் நான் ரொம்ப நாளாகப் பார்க்காத ஒன்று வந்திருந்தது. நூல் கடையில் இரண்டு கண்டுகளைத் தூக்கிப் பிடிக்கும்போது முன்பெல்லாம் வருமே, அது.

"அது தண்ணி" என்றாள்.

"என்னது?"

"கழுவிக் கவுத்திருக்கு இல்ல? பானை வாய் விளிம்புலேருந்து ஒரு சொட்டு எறங்கியிருக்கு. அதான் அந்த இருட்டுக்குள்ள பளிச்சுன்னு இருக்கு. அது இல்லாம பாத்திரமெல்லாம் கடையில வாங்கி வச்ச மாதிரி இருந்துச்சு. இப்பத்தான் கழுவுன மாதிரி இருக்கு."

நான் குனிந்து பார்த்தேன். எனக்கு அது இன்னும் என் தப்பாகத்தான் தெரிந்தது. "இரு, சமையக்கட்டுல பானை கவுத்துதான் இருக்கு. அடியில அப்படித் தெரியுதான்னு போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்" என்றேன்.

"வேண்டாம் அண்ணி. எனக்குத் தெரியுது."

உட்கார்ந்து பதில் எழுதினாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தேன். 'கறுப்பு நூல் வேண்டாம். பானைக்குக் கீழே இருப்பது தண்ணீர்த் துளி. அதை நான் வரையவில்லை; என் அண்ணி வைத்தது. படத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் "துளி: அண்ணி" என்று போடுங்கள். அந்தக் கட்டத்தை எல்லாரும் வெறுமையாகவே விடட்டும். நான் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது.'

எத்தனை ஊரில், எத்தனை பேர், எத்தனை ஊசிகளால் அந்த ஒரு கட்டத்தைத் தொடாமல் தாண்டிப் போகப்போகிறார்கள் என்று நினைத்தேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துளி என்னுடையது என்பதால் இல்லை. அதற்கும் பெருமைதான், இல்லையென்று சொன்னால் வாய் அழுகிவிடும். மறுநாள் ஆஸ்பத்திரியில் ஒருவர் விடாமல் சொன்னேன். ஆனால் அந்த நிமிஷத்தில் என் நெஞ்சு விம்மியது அந்தக் கடைசி வரிக்காக.

"எதுக்கும் இன்னொரு தடவை யோசிச்சுக்க. நல்லா இருக்கான்னு வேற யாரையாவது கேட்டுட்டு அனுப்பலாமே" என்றார் என் வீட்டுக்காரர்.

அவள் எங்கள் யாரையும் திரும்பிப் பார்க்காமல் அனுப்பிவிட்டாள்.